கட்டுமரம் கேட்டால் கப்பல் வருகிறது: ஏ.ஐ. படத்துக்கு எந்த வழியில் எழுதுவது?

முட்டம் பக்கம் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் புது மெனு கார்டு அடிக்க வந்தார். "முன்பக்கத்துல கடலும் ஒரு கட்டுமரமும் வரணும் மக்களே. போட்டோ எடுக்க ஆள் தேட நேரமில்ல. நீ கம்ப்யூட்டர்லயே போட்டுத் தா" என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு வரி எழுதிப் படத்தை வரவழைத்தேன். நீலக் கடல், வெள்ளைப் பாய், இரட்டை அடிப்பாகம் வைத்த ஓர் உல்லாசப் படகு, மேல்தட்டில் சோபா. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுல ஏறிப் போயா சாளை பிடிக்க?"

தப்பு என் மேல்தான். கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது. அங்கே இன்று அந்தப் பெயருக்கு இரட்டை அடிப்பாகப் படகு என்று பொருள். படம் வரையும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்போடு இணையத்தில் கிடந்த படங்களைப் பார்த்துப் பழகியவை. அதனால் கேட்டமரான் என்றதும் பணக்காரர் படகைத்தான் நினைக்கும். பெயரை விட்டுவிட்டுப் பொருளைச் சொன்னேன். 'ஐந்தாறு கனத்த மரத்தடிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை, பக்கச் சுவர் கிடையாது, தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி மிதக்கிறது, மேலே ஒரு மீனவர் முழங்காலிட்டுத் துடுப்பு போடுகிறார்.' மூன்றாம் முறை கட்டுமரம் மாதிரி ஒன்று வந்தது.

நாகர்கோவிலில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், சிப்ஸ் பாக்கெட் ஸ்டிக்கர், தங்கும் விடுதி நோட்டீஸ் எல்லாம் வரும். கூட வேலை செய்பவன் என் தங்கை மகன். எங்கள் இருவருக்கும் பிராம்ப்ட், அதாவது படம் கேட்டுக் கருவிக்கு எழுதும் வரி, எழுதுவதில் ஒத்துப்போகாது. அவன் காற்புள்ளி போட்டுச் சொல் அடுக்குவான், நான் கடிதம் எழுதுவது போல வாக்கியமாக எழுதுவேன். கடைக்கு வரும் சிலர் சாட்பாட்டிடம் எழுதி வாங்கிய பிராம்ப்டையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அப்புறம், கையில் இருக்கும் போட்டோவைக் கொடுத்து மாற்றச் சொல்லும் வழி ஒன்றும் இருக்கிறது. இந்த நான்கில் எந்த வேலைக்கு எது என்று முடிவு செய்யத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

முதலில் மருமகன் கட்சி. சொல் அடுக்கும் பழக்கம் 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவி பொதுவில் வந்த காலத்தில் பரவியது. நாம் எழுதுவதை எண்களாக மாற்றிப் புரிந்துகொள்ள அது பயன்படுத்திய பகுதிக்குப் பெயர் கிளிப். இணையப் படங்களின் அருகே கிடந்த சின்னச் சின்னக் குறிப்புகளைப் படித்து வளர்ந்தது. ஒரே மூச்சில் 77 டோக்கன்தான் (சொல் அல்லது சொல்லின் துண்டு) அதற்குள் போகும், அதிலும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போய்விடும். (கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தின் நீளமும் 77 மீட்டர்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) இத்தனை சிறிய வாசலில் இலக்கணத்துக்கு இடமில்லை. 'தோவாளை' என்று தொடங்கி 'பூச்சந்தை, விடியல், பனி, மஞ்சள் பல்பு, கூடை, அரளி, நெருக்கம்' என்று அடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முன்னால் வைக்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் எடை கூடும். சில மென்பொருளில் அடைப்புக்குறிக்குள் 1.2, 1.3 என்று எண் போட்டு ஒரு சொல்லை மட்டும் அழுத்தவும் முடியும். வேண்டாததை எழுதத் தனிப் பெட்டியும் உண்டு.

இந்த வழியை நான் கிண்டல் செய்வேனே தவிர, ஒதுக்க மாட்டேன். மருமகன் வைத்திருப்பது 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர். கரண்ட் இருந்தால் போதும், இரவெல்லாம் ஓட்டுவான், படத்துக்கு இவ்வளவு என்று யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்று குறிக்கும் சீட் எண்ணைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் அந்தச் சொல் படத்தில் என்ன செய்கிறது என்று துலக்கமாகத் தெரியும். பத்திரிகைக்குப் பூவேலைப் பார்டர், பின்னணிக் கோலம், மரவேலைச் சித்திரம் என்று ஒரே சாயலில் நாற்பது வேண்டுமென்றால் அவனிடம்தான் போவேன்.

ஆனால் யார் யாருக்கு என்ன உறவு, எது எதன் மேல் இருக்கிறது என்று சொல்ல வேண்டி வந்தால் சொல் அடுக்கு கை விரித்துவிடும். பச்சைச் சேலை கட்டிய பாட்டி இடது பக்கம் பூக்கட்ட, சிவப்புப் பாவாடை போட்ட பேத்தி வலது பக்கம் நார் கிழிக்க வேண்டும் என்று ஒரு தோவாளைப் பூக்கடைக்கு எழுதினான். பேத்திக்குப் பச்சைப் பாவாடை வந்தது, பாட்டி மடியில் பச்சை ரோஜா வந்தது. சொற்கள் தனித்தனியாகக் கிடந்தால் எந்த நிறம் யாருடையது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றுக்கு ஏதோ ஒன்றை ஒட்டிவிடுகிறது.

இங்கேதான் என் வழிக்கு வேலை வருகிறது. 2023 இலையுதிர்காலத்தில் வந்த டால்-இ 3 என்ற படக் கருவியைப் பழக்கியபோது, இணையத்தில் கிடைத்த அரைகுறைக் குறிப்புகளை நம்பாமல், ஒவ்வொரு படத்தையும் விரிவாக விவரிக்கும் நீண்ட குறிப்புகளை இன்னொரு ஏ.ஐ. மாடலை வைத்து எழுதிக் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் என்ற படக் கருவி, கிளிப்போடு டி5 என்ற பெரிய மொழிப் பகுதியையும் சேர்த்துக்கொண்டது. இப்படி வாக்கியம் படித்து வளர்ந்ததற்கு வாக்கியம்தான் புரியும். மேலே சொன்ன பாட்டியையும் பேத்தியையும் இப்படி எழுதினேன்: 'அதிகாலைப் பூச்சந்தையில், சாக்கு விரித்த தரையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இடது பக்கம் எழுபது வயதுப் பாட்டி, பச்சைப் பருத்திச் சேலை கட்டியிருக்கிறார், வெள்ளை அரளி கட்டுகிறார். வலது பக்கம் பத்து வயதுப் பேத்தி, சிவப்புப் பட்டுப் பாவாடை போட்டிருக்கிறாள், வாழைநாரை மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறாள். மேலே தொங்கும் ஒரு மஞ்சள் பல்பு மட்டும்தான் வெளிச்சம். உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்திலிருந்து எடுத்த படம்.' முதல் தடவையிலேயே அவரவர் துணி அவரவரிடம் இருந்தது.

பாருங்கள், இதில் 'அழகான' இல்லை, 'அற்புதமான' இல்லை, 8கே, மாஸ்டர்பீஸ் எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் பழைய மாடல்களில் கொஞ்சம் வேலை செய்தன. அப்படிக் குறிக்கப்பட்ட படங்கள் மினுமினுப்பாக இருந்ததால் மினுமினுப்பு வந்தது. இன்று வாக்கியம் புரியும் கருவியில் அவற்றைப் போட்டால் கோலப்பொடி மேல் ஜிகினா தூவியது போல இருக்கும். அழகு என்று எழுதுவதை விட, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, துணி பருத்தியா பட்டா என்று எழுதினால் அழகு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வெளிச்சம் என்றதும் ஒரு விஷயம். கன்னியாகுமரி என்று எழுதினாலே கருவி ஆரஞ்சு வானத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். இணையத்தில் இருக்கும் நம்மூர்ப் படங்களில் சூரிய உதயமும் அஸ்தமனமும்தானே அதிகம். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஜூன் மாதச் சாரலில் ரப்பர் தோட்டம் எப்படி இருக்கும்? 'மேகம் மூடிய பகல், நிழலே விழாத மங்கிய ஒளி, நனைந்த மரப்பட்டை கறுத்திருக்கிறது, சிரட்டையில் வெள்ளைப் பால் வடிகிறது' என்று எழுதிப் பாருங்கள். நம்மூர் என்று நம்பலாம் போல ஒரு படம் வரும்.

வாக்கிய வழியிலும் ஒரு குழி உண்டு. 'ஆட்கள் வேண்டாம்', 'யானை இல்லாமல்' என்று எழுதினால் சில கருவிகள் ஆளையும் யானையையும் கூட்டிக்கொண்டு வரும். வேண்டாததைப் போடத் தனிப் பெட்டி இல்லாத இடத்தில், இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்வதே அழைப்பு வைத்த மாதிரி. இருப்பதைச் சொல்லித்தான் தப்பிக்க வேண்டும். ஆளில்லாத கடற்கரை என்பதற்கு 'வெறிச்சோடிய கடற்கரை, ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மட்டும்' என்றால் வேலை முடிந்தது.

சரி, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சாட் வடிவில் இருக்கும் பெரிய கருவிகளுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது, தாராளமாக எழுதலாம். மருமகனின் பழைய மாடலுக்கு ஆங்கிலம் தவிர வழியில்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் கணினிக்குள் மூன்று பைட்டாகப் போகிறது. கிளிப் அதைத் துண்டு துண்டாக நறுக்கும்போது நாலைந்து தமிழ்ச் சொல்லிலேயே அந்த 77 நிரம்பிப் போகலாம், உள்ளே போன சொற்களும் அதற்குப் புரியாது.

ஆனால் தமிழ் புரியும் கருவியிலும் நம் சொல் உள்ளே ஆங்கிலமாகித்தான் போகிறதோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். மெனு கார்டின் உள்பக்கத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேட்டேன். மண்சட்டியில் சிவக்கச் சிவக்க மீன்கறி வந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய ஜவ்வரிசி! மரச்சீனி டாபியோகா ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் டாபியோகா என்றால் பலருக்கும் அந்த உருண்டை முத்துதானே ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் எழுதுவதானால் கசாவா என்று எழுதுங்கள். தமிழிலானால் 'வேகவைத்து மசித்த வெள்ளைக் கிழங்கு, நடுவில் நார் தெரிகிறது, மேலே தேங்காய்த் துருவலும் கடுகும் தாளித்தது' என்று தட்டில் இருப்பதைச் சொல்லுங்கள். பிச்சிக்கும் இதே கதி. ஜாஸ்மின் என்று போய் ஏதோ ஒரு மல்லியாகத் திரும்பும். பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்புக் கோட்டை நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதை விட, பெயரை நம்புகிறோமா, விவரத்தைச் சொல்கிறோமா என்பதில்தான் படம் நிற்கிறது.

சாட்பாட்டிடம் பிராம்ப்ட் எழுதி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வெற்றுத் திரையைப் பார்த்து மலைத்து நிற்பவருக்கு அது கைத்தடி. ஆனால் எல்லாருக்கும் அதே பொன்னிற மாலை, அதே சினிமா வெளிச்சம், அதே மங்கலான பின்னணி. ஒரே வாரத்தில் மூன்று பேர் கொண்டுவந்த மூன்று ஹோம்ஸ்டே நோட்டீஸ் அக்கா தங்கச்சி போல இருந்தன. சில கருவிகள் நாம் எழுதியதையே உள்ளே விரித்து எழுதிக்கொண்டுதான் வரைகின்றன, டால்-இ 3 சாட்ஜிபிடிக்குள் வந்ததே அப்படித்தான். அதற்கு மேல் இன்னொரு சாட்பாட் எதற்கு? எழுதி வாங்கியே ஆக வேண்டுமென்றால், 'என்னிடம் பத்துக் கேள்வி கேள், பதிலை மட்டும் வைத்து எழுது, நீயாக எதையும் சேர்க்காதே' என்று சொல்லி வாங்குங்கள்.

நான்காவது வழி போட்டோ. மேலே சொன்ன மூன்றும் எங்கே தோற்கின்றனவோ அங்கே இதுதான் கை கொடுக்கும்.

மாத்தூர் தொட்டிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதைத் தொங்கு தொட்டி என்ற பொருள்படத்தான் அழைக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தேன், கயிற்றில் ஆடும் பாலம் ஒன்று வந்தது. உண்மையில் அங்கே தொங்குவது எதுவும் இல்லை. பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, தண்ணீர் ஓடும் கான்கிரீட் தொட்டி. இப்படி எழுதிக் கொடுத்ததும் தூண்கள் வந்தன, தொட்டியும் வந்தது. வந்தது ஒரு பாலம்தான், நம்ம பாலம் இல்லை. தினமும் அந்த வழியாகப் போகிறவர் ஒரு பார்வையிலேயே உதட்டைப் பிதுக்குவார்.

வள்ளுவர் சிலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2000 ஜனவரி 1 அன்று திறந்த சிலை. மொத்தம் 133 அடி, அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95. அந்த அளவே ஒரு செய்தி. வலது கையில் மூன்று விரல் நிமிர்ந்திருப்பது முப்பாலுக்கு. எழுத்தால் மட்டும் கேட்டபோது ஐந்து விரலும் விரிந்து ஆசீர்வாதம் செய்யும் ஒரு முனிவர் வந்தார், திருக்குறளுக்கு இன்னும் இரண்டு பால் சேர்த்து எழுதிவிட்டவர் போல. பீடமோ முழங்கால் உயரம். கண்ணாடிப் பாலமும் இல்லை. அது திறந்ததே 2024 டிசம்பர் 30-இல். அதற்கு முன்பே படித்து முடித்த மாடலுக்கு அதைத் தெரிந்திருக்க வழியில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஐம்பது வரி எழுதுவதை விட, படகுத்துறையில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொடுப்பது மேல்.

போட்டோ கொடுத்துத் திருத்தச் சொல்லும் வசதி 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் புதிய படக் கருவியோடும், அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுளின் நேனோ பனானா என்ற கருவியோடும் பரவலானது. (மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் அந்தப் பெயருக்கு யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. "மட்டியா மாமா, ஏத்தனா?" என்று மருமகன் கேட்டுக்கொண்டே இருப்பான்.) இங்கே எழுதும் முறை வேறு. படத்தை விவரிக்க வேண்டாம், அது முன்னாலேயே இருக்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி, எதைத் தொடக்கூடாது என்று இரண்டு வரி. 'வானத்தை மட்டும் மழை மேகமாக்கு. சிலையின் கை, விரல்கள், பீடத்தின் உயரம், பாலத்தின் வளைவு, கேமரா கோணம் அப்படியே இருக்கட்டும்.' ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால் ஐந்தாவது சுற்றில் முகம் வேறொருவருடையதாகிவிடும். அதனால் மூலப் படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். படத்தில் கடைப்பலகை இருந்தால் அதில் உள்ள தமிழ் எழுத்தை ஒருமுறை கூட்டிப் படித்துப் பாருங்கள். நாம் தொடாத இடத்திலும் 'ழ' சிதைந்து கிடக்கும்.

எழுத்தைப் பொறுத்தவரை எந்த வழியானாலும் என் கடையில் ஒரே விதி. 'மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாக இருக்கட்டும்' என்று இடம் விடச் சொல்வோம். கடைப்பெயரையும் விலையையும் பிறகு கேன்வாவிலோ போட்டோஷாப்பிலோ நாமே வைப்போம். அளவையும் முதலிலேயே யோசியுங்கள். ஆறுக்கு நாலு அடி பிளெக்ஸுக்கு 1536க்கு 1024 புள்ளி என்ற வடிவம் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஓர் அங்குலத்துக்கு 21 புள்ளிதான் வரும். நான்கு மடங்கு பெரிதாக்கும் மென்பொருளில் போட்டு எடுத்தால் 85 ஆகும். ரோட்டோரம் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது போதும்.

ஆக, என் கடைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, 'இதைப் பார்த்து ஊர்க்காரர் யாராவது இது அது இல்லையே என்று சொல்ல வாய்ப்பிருக்கிறதா?' என்பதுதான். இருக்கிறது என்றால் போட்டோ. கோயில், பாலம், சிலை, ஒருவர் முகம், தோவாளை மாணிக்கமாலை போல மடிப்பு மடிப்பாகக் கட்டும் கைவேலை எல்லாம் இதில் வரும். விற்கும் பொருளும் வாடகைக்கு விடும் அறையும் கண்டிப்பாக இதில்தான். ஹோம்ஸ்டே ஜன்னலுக்கு வெளியே இல்லாத கடலை வரைந்து கொடு என்று ஒருவர் கேட்டார், மாட்டேன் என்றேன், வேறு கடைக்குப் போனார். போகட்டும். ஊர்க்காரர் குறுக்குக் கேள்வி கேட்க முடியாத, ஒரு சூழலை மட்டும் காட்டும் படமென்றால் வாக்கியம். பார்டரும் பின்னணியும் கட்டுக்கட்டாக வேண்டுமென்றால் மருமகன் மேசை. அந்த மேசைக்காக ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா என்றால், மாதம் பத்துப் படம் போடுகிறவருக்கு வேண்டாம்.

மெனு கார்டு கதை அத்தோடு முடியவில்லை. மூன்றாம் முறை வந்த கட்டுமரத்தை இரண்டு நாள் கழித்துப் பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கொள்ளாம். ஆனா கட்டு சரியில்ல மக்களே, இப்படிக் கட்டுனா முதல் அலையிலயே பிரிஞ்சிரும்" என்றார். பேரனை அனுப்பி, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய கட்டுமரத்தைப் போனில் எடுத்து வரச் சொன்னார். நல்ல படம். மரத்தின் மேல் கிடந்த ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம் மட்டும் என் கண்ணை உறுத்தியது. ஒரு வரி எழுதி அதை எடுத்துவிட்டேன், மணலும் மரமும் அப்படியே இருந்தன, எனக்கே பெருமையாக இருந்தது.

ப்ரூஃப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது, "குடத்த எங்க?"

"அசிங்கமா இருந்துச்சு, அழிச்சிட்டேன் அண்ணாச்சி."

"கடலுக்குள்ள குடிக்கத் தண்ணி வேண்டாமா?"

பேரன் எடுத்த படத்தையே திருப்பி எடுத்து அச்சுக்கு அனுப்பினேன்.